கீறலின் அகலம்

பீடோங் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
செம்பனை லோரிகளைக் கழுவுகிற தெருவில்
எங்கள் கல்லூரி.
அதன் மூன்றாம் மாடியில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
யாரோ ஒருவருடைய தோல்
உயிரோடிருக்கிறது.

யாரென்று தெரியாது.
நான் பிறக்கும் முன்பே
ஏதோ ஒரு குளிர் தேசத்தில் எடுத்த துணுக்கு.
அவர் போய்விட்டார்; செல்கள் போகவில்லை.
புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு
சிராப் நிறத் திரவத்தைக் குடித்து
இரண்டு நாளைக்கொருமுறை
இடம் போதவில்லை என்கின்றன.
ஹரி ராயாவுக்கு நான் ஊட்டினேன்,
தீபாவளிக்கு அடிபா.
ஒரு டப்பா முறுக்கில்
அந்தக் கணக்கு தீர்ந்தது.

செய்வது இவ்வளவுதான்:
செல்கள் தட்டு முழுக்கப் பாய் விரித்தபின்
மஞ்சள் குழாய்முனையால்
நடுவே ஒரு கோடு.
அழுத்தினால் பிளாஸ்டிக் கீறும்,
தயங்கினால் கோடு நெளியும்.
இங்கே பால்மரம் நின்ற காலத்தில்
கத்தி ஆழமாய் இறங்கி மரத்தில் காயம் பட்டால்
சம்பளத்தில் பிடித்தார்களாம்.
என்னிடம் யாரும் பிடிப்பதில்லை.
முனைவர் ஓங் மட்டும்
"போடு குப்பையில், மறுபடி செய்" என்பார்.
பதினொரு தட்டு போட்டாயிற்று.

பாதிக் குழிகளுக்குச் சாதாரண உணவு.
மீதிக்குச் சர்க்கரை கூடுதல்,
இனிப்புநீர் முற்றியவர் ரத்தம்போல.
எந்தக் கீறல் முதலில் மூடும்?
கேள்வி அதுதான்.
விடை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது,
ஆனாலும் கண்ணால் பார் என்கிறது பாடத்திட்டம்.

பன்னிரண்டாம் மணிப் படம் எடுத்துவிட்டு
இரவு ஒன்பதுக்கு
சன்னாசி அண்ணன் கடை.
தே ஓ கோசோங் என்றால்
துக்க வீட்டுக்கு வந்தவர்போல் பார்ப்பார்.
"இந்த வயசிலயே சீனி இல்லாமலா?"
அவர் கோப்பைமேல் கவிழ்ந்த பால் டின்
நிமிர வெகுநேரமாகும்.

இடது காலில் கட்டு.
சிலிப்பரின் வாரை அறுத்து
அதற்கு இடம் செய்திருந்தார்.
ஆணி குத்தினதாம், செப்டம்பரில்.
இது டிசம்பர்.
"வலிக்குதாண்ணே?"
"அதான் அதிர்ஷ்டம். வலியே இல்ல."

அந்த வரி எனக்குத் தெரியும்.
நாலாவது அத்தியாயம், கட்டம் போட்ட பகுதி.
தேநீரைத் தொடாமல்
சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி, இன்றைக்கே என்றேன்.
அவர் மேசையைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே மறுபடியும்.
காலையில் மில் ஆட்கள்
நாசி லெமாக்குக்கு வருவார்கள் என்றார்.
நான் சொன்ன விதம் சரியில்லையோ,
பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் இருந்ததோ.

இருபத்துநாலாம் மணி.
சாதாரணக் குழியில் இரு கரையும்
அங்கங்கே கை கோத்துவிட்டன.
சர்க்கரைக் குழியில்
கோடு இன்னும் கோடுதான்,
மரம் தள்ளிப் புதிதாய்ப் போட்ட செம்மண் சாலைபோல.
நடுவில் ஒரே ஒரு செல்.
தனியாக நடந்து வந்ததா,
மிதந்து வந்து ஒட்டியதா?
"எண்ணாதே, செத்தது" என்றாள் அடிபா.
எண்ணவில்லை.
மூடிய பரப்பு நூற்றுக்கு முப்பத்தெட்டு.
இரண்டு தசமம்வரை எழுதினேன்.

முனைவர் ஓங் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.
நானும் சந்தோஷப்பட்டேன்;
அதை மறைத்தால் இந்தக் கவிதை பொய்.
படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி
கீழே வந்தால்
கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது.
மைலோ பெட்டியைக் கிழித்த அட்டையில்
சில நாள் அடைப்பு என்று
அண்ணியின் கோணல் எழுத்து.
போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா,
அட்டை அதைச் சொல்லவில்லை.

மில் சட்டைக்காரர் ஒருவர்
மோட்டாரை அணைக்காமலே கேட்டார்:
"மூடியிருக்கா?"

காலையிலிருந்து
அந்த ஒரு சொல்லைத்தான்
அட்டவணையில் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
"மூடியிருக்கு" என்றேன்.

மாடி ஏறினேன்.
மூன்று முறை வந்தால்தான் அது முடிவு.
இன்னும் இரண்டு தடவை
கீறவேண்டும்.